ஷாவும் எலன் டெரியும் எழுதிக்கொண்ட கடிதங்கள்: புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாடகக்காரர்களும் நாடக விமர்சகரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் பெர்னாட் ஷா, எலன் டெரி கடிதங்களுக்கு ஈடானவை குறைவு. லண்டன் மேடையின் முதல்நிலை நடிகை டெரிக்கும், அந்த மேடையை வாராவாரம் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்ட விமர்சகர் ஷாவுக்கும் நடுவே பல வருடம் ஓடிய தபால் அது. முதல் சில வருடங்கள் இருவரும் நேரில் பேசிக்கொண்டதே இல்லை. இதைக் கேட்டதும் எல்லோரும் காதல் கதையாகப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாற்பது பக்கம் தாண்டியதும் யார் எந்த நாடகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள்.

என் யோசனை ஒன்றுதான். விமர்சகர் எழுதிய கடிதத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். அதே வாரம் அவர் பத்திரிகையில் என்ன எழுதினார் என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதல் படி: எடுத்து வைக்க வேண்டியவை

கடிதத் தொகுப்பு 1931இல் வந்தது. தொகுத்தவர் பெயர் கிறிஸ்டோபர் செயின்ட் ஜான். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம். எலன் டெரியின் மகள் எடித் கிரெய்க்குடன் ஒரே வீட்டில் வாழ்ந்த எழுத்தாளர் அவர். இந்த விவரம் கடைசியில் தேவைப்படும்.

இரண்டாவது, ஷாவின் நாடக விமர்சனங்கள். 1895 ஜனவரி முதல் 1898 மே வரை 'சாட்டர்டே ரிவ்யூ' வார இதழில் ஜி.பி.எஸ். (ஜார்ஜ் பெர்னாட் ஷா) என்ற மூன்றெழுத்துக் கையொப்பத்தோடு வந்தவை. தேர்ந்தெடுத்த கட்டுரைகள் 1906இல் இரண்டு பாகமாக வந்தன. பிறகு 1932இல் மூன்று பாகமாக விரிவான தொகுப்பு வந்தது. மூன்று பாகத் தொகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கட்டுரைகள் தேதிவாரியாக இருப்பதால் கடிதத்தோடு ஒப்பிடுவது சுலபம்.

மூன்றாவது, எலன் டெரி 1908இல் வெளியிட்ட தன்வரலாறு. முழுக்கப் படிக்கத் தேவையில்லை. லண்டனின் லைசியம் நாடக அரங்கைப் பற்றிய அத்தியாயங்கள் போதும். நான்காவது, மூன்று நாடகங்கள்: ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்', ஷாவின் 'விதியின் மனிதன்' என்ற ஓரங்க நாடகம், அவருடைய 'கேப்டன் பிராஸ்பவுண்டின் மனமாற்றம்'. 'சிம்பலின்' கதையைத் தமிழ் வழியாகப் பிடிக்க விரும்புகிறவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியார் அதைத் தழுவி எழுதிய 'சிம்மளநாதன்' இருக்கிறது.

காசு பெரிதாகச் செலவாகாது. ஷா 1950இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பது இந்தியக் கணக்கு என்பதால் 2011 முதல் அவர் எழுத்து இங்கே உரிமைக் கட்டுப்பாடு இல்லாதது. டெரியின் தன்வரலாறும் அந்த மூன்று நாடகங்களும் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடிதத் தொகுப்பை மட்டும் நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: மூன்று பேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடிதம் எழுதிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஆனால் கதையில் இருப்பவர்கள் மூன்று பேர்.

எலன் டெரி 1847இல் பிறந்தவர். குழந்தை நடிகையாக 1856இல் மேடை ஏறியவர். 1878 முதல் லைசியம் அரங்கின் கதாநாயகி. ஒஃபீலியா, போர்ஷியா, பீட்ரிஸ், லேடி மெக்பெத் என்று ஷேக்ஸ்பியர் பாத்திரங்களாலேயே பெயர் வாங்கியவர்.

ஹென்றி இர்விங் லைசியத்தின் குத்தகைதாரர், மேலாளர், கதாநாயகன், எல்லாமே. 1895இல் 'சர்' பட்டம் வாங்கினார். நடிகர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. அரங்கின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் பிராம் ஸ்டோக்கர். ஆமாம், 'டிராகுலா' எழுதிய அதே ஸ்டோக்கர்தான்.

ஷா அப்போது புகழ்பெற்ற நாடகாசிரியர் ஆகியிருக்கவில்லை. நாடகங்கள் எழுதி வைத்திருந்தார். மேடையேற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார். வயிற்றுப்பாட்டுக்கு விமர்சனம். நார்வே நாடகாசிரியர் இப்சனின் நவீன நாடகம் லண்டனில் வேரூன்ற வேண்டும் என்பது அவர் கட்சி. இர்விங்கோ அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதவர். தன் காலத்தின் பெரிய நடிகையை லைசியத்தின் பழைய சரக்குகளுக்குள் அடைத்து வைத்து வீணாக்குகிறார் இர்விங் என்பதுதான் ஷாவின் தீராத புகார். விமர்சனங்களிலும் சரி, கடிதங்களிலும் சரி, சுற்றிச் சுற்றி இந்தப் புகாருக்கே வந்து நிற்பார்.

ஆக, டெரி பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அவர் கையில் இரண்டு விசுவாசங்கள் இருக்கின்றன. சம்பளம் தரும், பல வருடம் கூட நடித்த மனிதர் ஒரு பக்கம். தன்னைப் பற்றித் தான் ரகசியமாக நினைப்பதையே எழுத்தில் சொல்லும் விமர்சகர் இன்னொரு பக்கம். இதை மறக்காமல் படித்தால் அவர் கடிதங்களில் வரும் திடீர் மௌனங்களுக்குப் பாதிக்கு மேல் காரணம் புரிந்துவிடும்.

மூன்றாம் படி: நடுவிலிருந்து தொடங்குங்கள்

முதல் கடிதங்கள் 1892 ஜூன் மாதத்தவை. தனக்குத் தெரிந்த ஓர் இளம் பாடகியைப் பற்றி டெரி 'தி வேர்ல்ட்' பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார். அவர் அதைத் தன் இசை விமர்சகரிடம் தள்ளிவிட்டார். அந்த இசை விமர்சகர்தான் ஷா. பாடகியைக் கேட்டுவிட்டுப் பூசி மெழுகாமல் அபிப்பிராயம் சொன்னார். பிறகு தபால் கிட்டத்தட்ட நின்றுபோய், 1895இல் மறுபடி உயிர்பெற்றது. இந்தத் தொடக்கம் சுவையானதுதான். ஆனால் முதலில் இதைப் படித்தால் நூல் பிடிபடாது.

1896 செப்டம்பர் மாதக் கடிதங்களைத் திறந்துகொள்ளுங்கள். லைசியத்தில் 'சிம்பலின்' ஒத்திகை நடக்கிறது. செப்டம்பர் 22 செவ்வாய்க்கிழமை முதல் காட்சி. டெரிக்கு இமோஜென் பாத்திரம். அவருக்கு அப்போது 49 வயது. இமோஜென் புதுமணப் பெண். பதற்றம் இருக்குமா இருக்காதா?

ஷாவின் நீண்ட கடிதங்கள் இந்த நாட்களில்தான் வருகின்றன. பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் போகிறார். எந்த வசனத்தை வெட்டலாம், எதை வெட்டினால் பாத்திரமே செத்துவிடும், கணவனின் கடிதம் கிடைத்ததும் எப்படிப் பரபரக்க வேண்டும், தலையில்லாத பிணத்தின் அருகே கண்விழிக்கும் காட்சியில் உணர்ச்சியை எந்தப் படியில் தொடங்கி எங்கே உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறார். இன்றைக்கு ஓர் இயக்குநர் செய்யும் வேலை இது. லைசியத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் இர்விங்.

டெரியின் பதில்களை அவசரமில்லாமல் படியுங்கள். நன்றி சொல்கிறார், கேலி செய்கிறார், சிலவற்றை ஏற்றுக்கொள்கிறார், சிலவற்றோடு வாதாடுகிறார். நாற்பது வருட மேடை அனுபவம் பேசுகிறது. ஷாவின் நடை ஜொலிக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் இருவரில் நல்ல கடிதக்காரர் டெரிதான். ஷா ஒரு கூட்டத்துக்குப் பேசுவதைப் போலவே ஒருத்திக்கும் எழுதுகிறார். டெரி எழுதுவது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மட்டும்.

தேதிகளைப் பார்த்து மிரள வேண்டாம். அடுத்தடுத்த நாளில், சில சமயம் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வரும். அன்றைய லண்டனில் ஒரு நாளைக்குப் பல முறை தபால் பட்டுவாடா உண்டு. காலையில் எழுதினால் மாலைக்குள் பதில் வாங்கிவிடலாம். நம்முடைய வாட்ஸாப் வேகத்தில் பாதியாவது இருந்திருக்கும்.

நான்காம் படி: அந்தச் சனிக்கிழமைக் கட்டுரையைப் பக்கத்தில் வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. 1896 செப்டம்பர் 26ஆம் தேதி 'சாட்டர்டே ரிவ்யூ' விமர்சனத்தை எடுங்கள். ஷேக்ஸ்பியரைத் தோண்டி எடுத்துக் கல்லால் அடிக்கலாம் போலிருக்கிறது என்ற அளவுக்கு ஷா திட்டித் தீர்த்த பிரபலமான கட்டுரை அது. பலரும் அந்தத் திட்டை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டிப் படியுங்கள்.

இமோஜெனுக்குள் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்கிறார் ஷா. ஒருத்தி ஷேக்ஸ்பியர் தன்னையறியாமல் கண்டுபிடித்த உயிருள்ள பெண். மற்றவள் அவருடைய கொள்கைகள் பெற்றுப்போட்ட பத்தினிப் பொம்மை. இப்போது கடிதங்களுக்குத் திரும்புங்கள். டெரிக்கு வரிவரியாக அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இரண்டாமவளை ஒதுக்கிவிட்டு முதலாமவளை எப்படி நடிப்பது என்பதைத்தான். விமர்சனத்தில் தீர்ப்பாக வருவது கடிதத்தில் ஏற்கெனவே பாடமாக வந்துவிட்டது. நாடகத்தின் வில்லன் இயாக்கிமோவாக இர்விங் நடித்ததை அந்தக் கட்டுரையில் ஷா மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் வரும் சண்டைக்கு இது உதவும்.

ஒரு பெரிய கேள்வி இங்கே எழுகிறது. ஒரு நடிகைக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, அதே நடிப்பைப் பொதுவில் மதிப்பிட ஒருவருக்கு உரிமை உண்டா? கடிதங்கள் வாசகர்கள் கைக்குக் கிடைத்தது 1931இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1896இல் ஆறு பென்ஸ் கொடுத்துப் பத்திரிகை வாங்கியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? உரிமை இல்லை என்பதுதான் என் எண்ணம். அதே சமயம், அந்த உரிமைமீறல் நடக்காமல் இருந்திருந்தால் விக்டோரியா காலத்து நடிகை ஒருவர் ஒரு பாத்திரத்தை எப்படிக் கட்டினார் என்பதற்கு இவ்வளவு நுணுக்கமான பதிவு நமக்குக் கிடைத்திருக்காது. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கடிதம் எழுதியவருக்கு என்ன வேண்டும்?

ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு வரி எழுதிப் பழகுங்கள்: இதை எழுதியபோது இவருக்கு என்ன தேவைப்பட்டது? ஷா விஷயத்தில் விடை பெரும்பாலும் ஒன்றுதான். நெப்போலியன்.

1895இல் ஷா 'விதியின் மனிதன்' எழுதினார். இளம் நெப்போலியனும் பெயர் சொல்லாத ஒரு சீமாட்டியும் மோதிக்கொள்ளும் சின்ன நாடகம். நெப்போலியனாக இர்விங், சீமாட்டியாக டெரி என்று மனத்தில் வைத்து, பிரதியை டெரியிடம் அனுப்பினார். அதாவது, இர்விங்கின் நடிப்பை வாராவாரம் எடைபோடும் ஆளே இர்விங்கிடம் நாடகம் விற்க வந்து நிற்கிறார்.

அன்றைய லண்டனில் இது அதிசயம் கிடையாது. விமர்சகர்கள் எழுதிய நாடகங்களையும் மொழிபெயர்ப்புகளையும் முன்பணம் கொடுத்து வாங்கிப் பெட்டியில் போட்டு வைப்பது மேலாளர்களுக்குக் கைவந்த வழி. முதல் நாள் காட்சி முடிந்ததும் லைசியத்தில் கோழியும் ஷாம்பெயினுமாக விருந்தும் உண்டு. ஷாவுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே தெரியும். அதனால்தான் வாங்கிப் போடுவதில் பயனில்லை, தேதி குறித்து மேடையேற்றுங்கள் என்று பிடிவாதமாகக் கேட்டார். இர்விங் இழுத்தடித்தார்.

1896 டிசம்பர் 19 அன்று இர்விங் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தை மறுபடி மேடையேற்றினார். அன்றிரவே முழங்காலில் அடிபட்டுக் காட்சிகள் நின்றுபோயின. டிசம்பர் 26 இதழில் ஷாவின் விமர்சனம் வந்தது. சுக்கானுக்குக் கட்டுப்படாத கப்பல் போல இர்விங் தடுமாறினார் என்ற பொருளில் சில வரிகள். குடித்திருந்தார் என்கிறாரா என்று படித்தவர்கள் காதைக் கடித்தார்கள். அப்படி நினைத்து எழுதவில்லை என்று ஷா சொன்னார். அந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைப் பொறுத்தவரை, இவ்வளவு கூர்மையாக எழுதத் தெரிந்தவருக்கு அந்த வரி எப்படிப் படிக்கப்படும் என்று தெரியாமல் இருந்திருக்காது.

1897இல் பிரதி திரும்பி வந்தது. அந்த ஏப்ரலில் லைசியத்தில் நெப்போலியன் வேடம் போட்டார் இர்விங். ஆனால் அது பிரெஞ்சு நாடகாசிரியர் சார்தூவின் நெப்போலியன். ஜோடியாக, சலவைக்காரியாக இருந்து சீமாட்டியாகும் பெண் வேடத்தில் டெரி! இந்த மாதங்களின் கடிதங்களைச் சேர்த்துப் படித்தால் நடுவில் மாட்டிக்கொண்டவரின் பாடு தெரியும். இரண்டு பக்கமும் தூது போய், இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிப் பார்க்கிறார். கடைசியில் அலுத்துப்போகிறார். ஷா தமாஷாக எழுதிக்கொண்டே இருக்கிறார். அந்தத் தமாஷுக்குக் கீழே அவமானம் இருக்கிறது.

ஆறாம் படி: 1898 மே மாதத்தில் ஒரு கோடு போடுங்கள்

கால் புண்ணோடு படுத்துக்கொண்டே ஷா 1898 மே மாதம் விமர்சகர் நாற்காலியை எழுத்தாளர் மேக்ஸ் பீர்போமிடம் கொடுத்துவிட்டு விலகினார். ஜூன் 1ஆம் தேதி சார்லட் பேய்ன்-டவுன்ஷெண்டைக் கல்யாணம் செய்துகொண்டார். சார்லட்டைப் பற்றி டெரியிடம் எழுதி யோசனை கேட்டதெல்லாம் இந்தக் கோட்டுக்கு முந்தைய கடிதங்களில் இருக்கிறது. காதல் கதை தேடுகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: அன்பு வார்த்தைகளை அந்தக் கால நாடக உலகின் பேச்சு வழக்காக எடுத்துக்கொண்டு, வேலையைப் பற்றிப் பேசும் வரிகளை நம்புங்கள்.

கோட்டுக்குப் பிறகு கடிதங்களின் எடை மாறுகிறது. இனி அவர் விமர்சகர் இல்லை. அவர் புகழ்ந்தால் அரங்கு நிறையும், இகழ்ந்தால் காலியாகும் என்ற கணக்கு போய்விட்டது. நாடகாசிரியரும் நடிகையும் மட்டுமே மிச்சம். 1899இல் டெரிக்கென்றே 'கேப்டன் பிராஸ்பவுண்டின் மனமாற்றம்' எழுதினார். அதில் லேடி சிசிலி என்ற பெண், தன்னைச் சுற்றியுள்ள முரட்டு ஆண்களைச் சிரித்தபடியே தன் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். படித்துப் பார்த்த டெரி, இது எனக்கு ஒத்துவராது என்று எழுதிவிட்டார். ஷா நொந்துபோனார். இந்தப் பரிமாற்றத்தைத் தவறவிடாதீர்கள். உன்னைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று ஒருவர் நீட்டும் சித்திரத்தில் தன் முகம் தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

1900 டிசம்பரில் ஸ்டேஜ் சொசைட்டி என்ற நாடகச் சங்கம் அந்த நாடகத்தை வேறு நடிகையோடு போட்டது. டெரி பார்க்க வந்தார். அப்போதுதான் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். சந்திப்புக்குப் பிறகு கடிதங்கள் குறைந்துவிடுகின்றன. 1906இல் கோர்ட் தியேட்டரில் டெரியே லேடி சிசிலியாக நடித்தார். ஐம்பது வருட மேடை வாழ்வைக் கொண்டாட ட்ரூரி லேன் அரங்கில் பெருவிழா எடுத்ததும் அதே வருடம்தான். இர்விங் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

ஏழாம் படி: கத்தரி யார் கையில் இருந்தது?

முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் கடைசியில் படியுங்கள், ஆனால் கட்டாயம் படியுங்கள். டெரி 1928இல் இறந்தார். கடிதங்களை வெளியிட மகள் பக்கம் சம்மதம். மகன், மேடை வடிவமைப்பில் பெயர் பெற்ற கார்டன் கிரெய்க், கடுமையாக எதிர்த்தார். 1931இல் தொகுப்பு வந்த அதே வருடம் அம்மாவைப் பற்றித் தானும் ஒரு புத்தகம் வெளியிட்டு, பின்னிணைப்பாக ஷாவை ஒரு பிடி பிடித்தார். கிரெய்க்குக்கு இர்விங் குரு, கிட்டத்தட்ட அப்பா மாதிரி. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. தொகுப்பின் நீண்ட முன்னுரை ஷா எழுதியது. இணைப்புக் குறிப்புகள் மகளின் தோழி எழுதியவை. பதில் சொல்ல இர்விங் உயிரோடு இல்லை. கடிதங்களில் இர்விங் வில்லனாகத் தெரியும்போதெல்லாம் கொஞ்சம் நிதானியுங்கள். டெரியின் தன்வரலாற்றைத் திறந்து அவர் இர்விங்கைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். பாசமும் விமர்சனமும் கலந்த, ஷாவின் இர்விங்கைவிடச் சிக்கலான மனிதர் அங்கே இருக்கிறார்.

அடுத்து என்ன படிக்கலாம்

இந்தப் பழக்கம் பிடித்துவிட்டால் வேறு ஜோடிகளிடமும் போகலாம். ஷாவின் நண்பரும் இப்சனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவருமான விமர்சகர் வில்லியம் ஆர்ச்சர், 1891இல் லண்டனில் 'ஹெட்டா காப்ளர்' நடித்த எலிசபெத் ராபின்ஸ் ஆகியோருக்கு இடையே நடந்த தபாலில் இதே சிக்கல் இன்னும் அமைதியான குரலில் வரும்.

சுருக்கென்று ஒன்று வேண்டுமென்றால் கென்னத் டைனன் பக்கம் போங்கள். 'அப்சர்வர்' பத்திரிகையின் நாடக விமர்சகரான அவர், 1962இல் சிசெஸ்டர் நாடக விழாவில் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கியதைப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதமாகவே எழுதிக் கிழித்தார். கொஞ்ச நாளில், ஒலிவியர் தொடங்கவிருந்த நேஷனல் தியேட்டரில் நாடகத் தேர்வுக்கு ஆலோசகராக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்களேன் என்று அவருக்கே தனிக்கடிதமும் போட்டார். ஒலிவியர் கொதித்துப்போனார். மனைவி ஜோன் பிளோரைட் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். உம்மை அந்தப் பத்திரிகையிலிருந்து கழற்ற எதையும் செய்வேன் என்ற தொனியில் ஒலிவியரின் பதில் போனது. டைனன் 1963 முதல் பத்து வருடம் அங்கே வேலை பார்த்தார். அந்தப் பகிரங்கக் கடிதத்தை முதலில் படித்துவிட்டு, வேலை கேட்டு எழுதியதை அப்புறம் படியுங்கள்.